கப்பலுக்கு முன்னால் படகு விடலாமா? மும்பையின் ஞாயிறு படகோட்டிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செம்பூர், மாட்டுங்கா, முலுண்ட் பக்கமிருந்து நம்ம ஆட்கள் நிறைய பேர் இப்போது வார இறுதியில் பாய்மரப் படகு பழக கொலாபா வருகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் நாலு வாரம் பழகியதுமே எல்லோருக்கும் ஒரு ஆசை வந்துவிடுகிறது, நவசேவா துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் கப்பலை ஒருமுறை பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும், முடிந்தால் அதன் மூக்குக்கு முன்னால் ஒரு வீடியோ எடுக்க வேண்டும் என்று. நான் எட்டு வருடம் சரக்குக் கப்பலில் டெக் அதிகாரியாக இருந்தவன், இப்போது வாஷியில் கரை வேலை, ஞாயிறு ஆனால் நானும் படகில்தான். இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தவன் என்பதால் இதே கேள்விகள் வாட்ஸ்அப்பில் எனக்கு வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து கை வலிக்கிறது, அதனால் மொத்தமாக இங்கே.

கப்பல் ரொம்ப மெதுவாகத்தானே வருகிறது? அதற்குள் குறுக்கே கடந்துவிடலாமே?

மெதுவாக வருவது போல் தெரிகிறது, அவ்வளவுதான். பெரிய உருவம் எதுவும் தூரத்தில் நகர்வதே தெரியாது. தாதர் பாலத்தில் நின்று பார்த்தால் தூரத்து ரயில் நிற்பது போலவே இருக்கும், திடீரென்று காலுக்குக் கீழே தடதடவென்று ஓடும், அது மாதிரி.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். கப்பல் 12 நாட்டில் வந்தால் நிமிடத்துக்கு 370 மீட்டர் வருகிறது. உங்கள் சின்னப் படகு நடுத்தரக் காற்றில் 3 நாட் போகும், நிமிடத்துக்கு 90 மீட்டர் சொச்சம். கடக்க வேண்டிய அகலம் 500 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் உங்களுக்கு ஐந்தரை நிமிடம் ஆகும். அதற்குள் கப்பல் 2 கிலோமீட்டர் வந்திருக்கும். அதாவது நீங்கள் கிளம்பும்போது அது 2 கிலோமீட்டர் தள்ளி, ஒரு தீப்பெட்டி சைஸில், சாதுவாகத் தெரிந்திருக்கும். "இப்போது பயமாக இருக்கிறது" என்று உங்களுக்குத் தோன்றும்போது முடிவெடுக்கிற நேரம் எப்போதோ போய்விட்டது. இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான், மற்றதெல்லாம் இதன் விளக்கம்.

அப்புறம் இந்தக் கணக்கில் காற்று நிற்காது என்று வைத்திருக்கிறோம். மும்பையில் காலை பதினொரு மணிக் காற்றை நம்பியவன் எவனும் நேரத்துக்கு வீடு திரும்பியதில்லை.

மேலே அவ்வளவு உயரத்தில் நின்று ஓட்டுகிறார்கள், எங்களைப் பார்க்க மாட்டார்களா?

இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

கப்பலை ஓட்டுகிற அறையை பிரிட்ஜ் என்போம். பெரும்பாலான சரக்குக் கப்பல்களில் அது பின்பக்கம் இருக்கும். அதற்கு முன்னால் இருநூறு மீட்டருக்கு மேல் கப்பல், அதன் மேல் மாடி மாடியாக அடுக்கிய பெட்டிகள். அங்கிருந்து கீழே கடலைப் பார்த்தால் கப்பலின் மூக்குக்கு முன்னால் ஒரு பெரிய துண்டுக் கடல் தெரியவே தெரியாது. சர்வதேச விதியே இதை ஒப்புக்கொள்கிறது: மூக்குக்கு முன்னால் கண்ணுக்கு மறையும் கடல், கப்பல் நீளத்தில் இரண்டு மடங்கு அல்லது 500 மீட்டர், இதில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. தாண்டக் கூடாது என்றுதான் இருக்கிறது, மறையவே கூடாது என்று இல்லை. அரை கிலோமீட்டர் வரை மறைவது சட்டப்படி சரி.

நான் மூன்றாம் அதிகாரியாக இருந்தபோது ஒரு துறைமுகத்துக்குள் நுழைகிறோம், பைலட் (துறைமுகத்துக்குள் கப்பலுக்கு வழிகாட்டுகிறவர்) ஏறிவிட்டார், வேகமும் குறைத்தாயிற்று. இடதுபக்கம் ஒரு வெள்ளைப் பாய் தெரிந்தது. எல்லோரும் பார்த்தோம். அது எங்களுக்கு முன்னால் குறுக்கே திரும்பி, பெட்டிகளுக்குக் கீழே போய் மறைந்தது. அவ்வளவுதான், பிரிட்ஜில் ஒருவரும் பேசவில்லை. பைலட் வலதுபக்க ஜன்னலுக்கு நடந்து போய் கண்ணாடியில் நெற்றியை வைத்து நின்றுகொண்டார். செய்ய ஒன்றுமில்லை, திருப்பினால் தரை தட்டும், எஞ்சினைப் பின்னால் போட்டால் கப்பல் எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று சொல்ல முடியாது. ஒன்றரை நிமிடமோ இரண்டு நிமிடமோ. அப்புறம் வலதுபக்கம் அந்தப் பாய் வெளியே வந்தது. படகிலிருந்த ஆள் எங்களைப் பார்த்து சந்தோஷமாகக் கையசைத்தான். பைலட்டுக்கு அறுபது வயதிருக்கும், அவர் பதிலுக்குக் கையசைக்கவில்லை. தண்ணீர் கேட்டார்.

அந்த ஆளுக்கு இன்றுவரை தெரிந்திருக்காது. வீட்டில் போய் "கப்பல் கேப்டன் நம்மைப் பார்த்துக்கொண்டே இருந்தார்" என்று சொல்லியிருப்பான்.

ரேடார் இருக்கிறதே?

இருக்கிறது. ஃபைபர் கிளாஸ் படகும் துணிப் பாயும் ரேடார் அலையைச் சரியாகத் திருப்பி அனுப்பாது. கொஞ்சம் அலை அடித்தால் கடல் இரைச்சலோடு கலந்து நீங்கள் காணாமல் போவீர்கள். மாஸ்ட்டில் (பாய்மரக் கம்பத்தில்) ரேடார் ரிஃப்ளெக்டர் என்கிற, அலையைத் திருப்பி அனுப்பும் சாதனத்தைக் கட்டினால் ஓரளவு உதவும், ஓரளவுதான்.

மோதப்போகிறது என்று தெரிந்தால் கப்பலை நிறுத்த மாட்டார்களா?

நிறுத்துவார்கள், நிற்க வேண்டுமே! முழு வேகத்தில் போகிற கப்பலின் எஞ்சினை முழுசாகப் பின்னோக்கிப் போட்டால் 15 கப்பல் நீளத்துக்குள் நிற்க வேண்டும் என்பது சர்வதேசக் கடல்சார் அமைப்பின் அளவுகோல். 300 மீட்டர் கப்பலுக்கு அது நாலரை கிலோமீட்டர். கேட்வேயிலிருந்து தாதரில் பாதி தூரம் என்று வையுங்கள். துறைமுகத்துக்குள் வேகம் குறைவு, அதனால் தூரமும் குறையும், ஆனால் எஞ்சின் பின்னோக்கி ஓடும்போது சுக்கான் கிட்டத்தட்ட வேலை செய்யாது. கப்பல் தன் இஷ்டத்துக்கு மூக்கைத் திருப்பும்.

சரி, விலகிப் போகலாமே என்றால், நவசேவாவுக்கான சேனலை, அதாவது கப்பல் போகும் நீர்ப்பாதையை, 15 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டி வைத்திருக்கிறார்கள். தோண்டிய பாதையை விட்டு வெளியே போனால் சேறு, பாறை. பாரம் ஏற்றிய கப்பல் தண்டவாளத்தில் ஓடுகிற மாதிரிதான் ஓடுகிறது. 2010 ஆகஸ்ட் 7-ஆம் தேதி இதே மும்பை வாசலில் எம்.எஸ்.சி. சித்ரா, கலீஜியா-3 என்று இரண்டு கப்பல்கள் மோதி, சித்ரா சாய்ந்து, பெட்டிகள் நூற்றுக்கணக்கில் கடலில் விழுந்து, எண்ணெய் கசிந்து, துறைமுகப் போக்குவரத்தே சில நாள் நின்றுபோனது. உங்கள் படகு ஒன்றுக்காக அந்த மாதிரி ஒரு ஆபத்தை எந்த பைலட்டும் எடுக்க மாட்டார், எடுக்கவும் கூடாது. கேட்கக் கசப்பாக இருக்கும், உண்மை அதுதான்.

எஞ்சின் வைத்த கப்பல்தானே பாய்மரப் படகுக்கு வழிவிட வேண்டும்? வகுப்பில் அப்படித்தான் சொன்னார்கள்.

பாதி சொல்லியிருக்கிறார்கள். கடலில் மோதல் தவிர்க்கும் 1972-ஆம் வருட சர்வதேச விதிகளில் 18-ஆவது விதி அப்படிச் சொல்கிறது. ஆனால் அந்த விதியின் முதல் வரியே 9, 10, 13-ஆவது விதிகள் வேறு விதமாகச் சொல்லும் இடங்களைத் தவிர என்றுதான் ஆரம்பிக்கும். அந்த 9-ஆவது விதி குறுகலான சேனலைப் பற்றியது. 20 மீட்டருக்குக் குறைவான எந்தப் படகும், எந்தப் பாய்மரக் கலமும், அந்தச் சேனலுக்குள் மட்டுமே பத்திரமாகப் போக முடிகிற கப்பலுக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது. மும்பைத் துறைமுகச் சேனலில் உங்களுக்கு முன்னுரிமை கிடையாது. இதை மனதில் ஆணியடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பகலில் கப்பலின் கொடிக்கம்பத்தில் கறுப்பு உருளை ஒன்று தொங்கினாலோ, இரவில் மூன்று சிவப்பு விளக்கு மேல்கீழாக எரிந்தாலோ, "என் அடிப்பாகம் ஆழம், என்னால் ஒதுங்க முடியாது" என்று அர்த்தம்.

விதி தெரிந்தவர்களும் மாட்டுகிறார்கள். 2011 ஆகஸ்டில் இங்கிலாந்தின் கௌஸ் படகுப் பந்தயத்தில் அட்டலாண்டா ஆஃப் செஸ்டர் என்ற 33 அடிப் படகு, ஹன்னே நட்சன் என்ற பிரம்மாண்ட எண்ணெய்க் கப்பலுக்கு முன்னால் மாட்டியது. படகின் பெரிய முன்பாய் கப்பல் நங்கூரத்தில் சிக்கி மாஸ்ட் முறிந்தது. ஓட்டியவர் அனுபவசாலி. 2013-இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று சொல்லி அபராதமும் வழக்குச் செலவும் விதித்தது. மோதல் வீடியோ இணையத்தில் கிடைக்கும். பார்க்கும்போது கடைசி பத்து விநாடியைப் பார்க்காதீர்கள், அதற்கு முந்தைய சில நிமிடத்தைப் பாருங்கள். எல்லாம் சாதாரணமாக இருக்கும்.

பக்கத்தில் போனால் கப்பல் இழுத்துவிடும் என்கிறார்களே, கட்டுக்கதையா?

கட்டுக்கதை இல்லை. கப்பல் தன் உடம்பளவு தண்ணீரை முன்னால் தள்ளிக்கொண்டே போகிறது, அதனால் மூக்குப் பக்கம் நீர் அழுத்தம் கூடி உங்களை வெளியே தள்ளும். உடம்பின் நடுப்பகுதியில் தண்ணீர் வேகமாக ஓடி அழுத்தம் குறையும், அங்கே உள்ளே இழுக்கும். பின்பக்கம் புரொப்பல்லர். ஆழம் குறைந்த இடத்தில் இதெல்லாம் இன்னும் பலமாகும், மும்பைத் துறைமுகத்தில் சேனலுக்கு வெளியே ஆழம் குறைவுதானே.

பாய்மரக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய வில்லன் காற்று மறைவு. பத்து மாடிக் கட்டடம் ஒன்று உங்களுக்கும் காற்றுக்கும் நடுவில் வந்து நிற்கிற மாதிரி. பாய் துவண்டு தொங்கும், படகு நிற்கும், சுக்கான் பேச்சைக் கேட்காது, நீங்கள் அதன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். கப்பல் கடந்ததும் காற்று ஓங்கி அறைகிற மாதிரி, சில சமயம் வேறு திசையிலிருந்து வரும். அந்த நேரத்தில் கப்பல் கிளப்பிவிட்ட அலையும் வந்து சேரும். கவிழ்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கவிழ்கிறார்கள், கப்பல் போய்விட்டது என்று மூச்சு விட்ட பிறகு.

சரி, எவ்வளவு தூரம் விட வேண்டும்? ஒரு எண் சொல்லுங்கள்.

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் 150 மீட்டருக்கு மேல் நீளமான கப்பலுக்கு முன்னால் 1000 மீட்டர், இருபக்கமும் 100 மீட்டர், சின்னப் படகு நுழையவே கூடாத பகுதி. கப்பல் நகர நகர அந்தப் பகுதியும் கூடவே நகரும். அது குறைந்தபட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் சொந்தக் கணக்கு வேறு: ஒரு கடல் மைலுக்குள் வந்துவிட்ட கப்பலின் முன்னால் நான் கடக்க மாட்டேன். பாயைத் தளர்த்திவிட்டு, கூட வந்தவர்களுக்கு ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்து, கப்பலைப் போக விட்டு, அதன் பின்பக்கமாகப் போவேன். கோழை என்று யாராவது சொன்னால் அவருக்கும் ஒரு கப் கொடுப்பேன்.

கடக்கும்போது சேனலுக்குச் செங்குத்தாக, நேர் குறுக்கே கடந்துவிடுங்கள். சாய்வாகப் போனால் ஆபத்தான இடத்தில் இருக்கிற நேரம் கூடும்.

மோதுகிற பாதையில் இருக்கிறோமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

படகின் திசையை மாற்றாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்து, மாஸ்ட்டைத் தாங்கும் கம்பி ஏதாவது ஒன்றோடு கப்பலை ஒரே நேர்கோட்டில் வைத்துப் பாருங்கள். ஓரிரு நிமிடம் கழித்தும் கப்பல் அதே கம்பியோடு ஒட்டி நிற்கிறது, ஆனால் பெரிதாகிக்கொண்டே வருகிறது என்றால் மோதப்போகிறீர்கள். கம்பியை விட்டு நகர்ந்தால் பரவாயில்லை. கைத் திசைகாட்டி இருந்தால் இன்னும் நல்லது.

ஒரு எச்சரிக்கை. கப்பல் ரொம்ப நீளம், நீங்கள் பார்ப்பது அதன் எந்தப் பகுதி என்பதும் முக்கியம். மூக்கு நகராமல் வால் மட்டும் நகர்ந்தால் என்ன பிரயோஜனம்? பெரிய கப்பல் என்றாலோ, கிட்டத்தில் வந்துவிட்டாலோ, கம்பியை விட்டு நகர்ந்தாலும் மோதும் ஆபத்து இருக்கலாம் என்று விதியே சொல்கிறது. இன்னொன்று, இங்கே ஏற்றமும் வற்றமும் உங்களைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மும்பையில் நீர்மட்ட வித்தியாசம் 4 மீட்டருக்கு மேல் போகும். அவ்வளவு தண்ணீரும் துறைமுக வாய் வழியாகத்தான் போய் வர வேண்டும்.

கப்பல் ஐந்து முறை ஹாரன் அடித்தது. வணக்கம் சொன்னார்களா?

இல்லை சார்! ஐந்து குறுகிய ஒலி என்றால் "நீ என்ன செய்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை, நீ செய்வது போதாது" என்று அர்த்தம். நம்ம ஊர் லாரிக்காரர் ஜன்னலில் தலையை நீட்டிச் சொல்வதன் நாகரிக வடிவம். கேட்டவுடன் விலகுங்கள், எந்தப் பக்கம் விலகுகிறீர்கள் என்று தெளிவாகத் தெரியும்படி பெரிய திருப்பமாகத் திருப்புங்கள். ஒன்று என்றால் நான் வலதுபக்கம் திரும்புகிறேன், இரண்டு என்றால் இடதுபக்கம், மூன்று என்றால் எஞ்சினைப் பின்னோக்கிப் போட்டிருக்கிறேன்.

நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல் பக்கத்தில் போய் போட்டோ எடுக்கலாமா? அது நகராதே.

அது நகராது, தண்ணீர் நகரும். நங்கூரத்தில் நிற்கும் கப்பல் நீரோட்டத்தை எதிர்த்து மூக்கை வைத்திருக்கும். மூக்குப் பக்கமாகப் போனால் ஓட்டம் உங்களை நங்கூரச் சங்கிலி மேல் கொண்டுபோய்ச் சாத்தும், அங்கிருந்து கப்பலின் உடம்புக்குக் கீழே. காற்று குறைந்த நாளில் இதிலிருந்து பாயால் தப்ப முடியாது. போயே ஆக வேண்டுமென்றால் பின்பக்கமாக, தூரமாக. கறுப்புப் பந்து ஒன்று முன்னால் தொங்கினால் நங்கூரத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

கடற்படைக் கப்பல், ஜவஹர் த்வீப் எண்ணெய்த் துறை, இந்தப் பக்கமெல்லாம் போட்டோ ஆசையே வேண்டாம். 2008 நவம்பரில் கடல்வழியாகப் படகில் வந்துதான் இந்த ஊரைத் தாக்கினார்கள். அடையாளம் தெரியாத சின்னப் படகைப் பார்த்தால் காவலுக்கு நிற்பவர்கள் சிரித்துக்கொண்டு இருக்க மாட்டார்கள்.

டக் (இழுவைப் படகு) ஒன்று போகிறது, கொஞ்ச தூரம் விட்டு பார்ஜ் (சரக்குத் தோணி) ஒன்று வருகிறது. நடுவில் இடம் இருக்கிறதே?

இடம் இல்லை. நடுவில் கயிறு இருக்கிறது. தண்ணீருக்கடியில் தொய்ந்து கிடப்பதால் தெரியாது. எந்தக் காலத்திலும் போகாதீர்கள்.

இருட்டிவிட்டால்?

இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள், அதுதான் முதல் பதில். மாட்டிக்கொண்டால் இதை ஞாபகம் வையுங்கள்: கப்பலின் இடதுபக்கம் சிவப்பு விளக்கு, வலதுபக்கம் பச்சை, மேலே முன்னும் பின்னும் வெள்ளை. சிவப்பும் பச்சையும் ஒருசேரத் தெரிந்து, இரண்டு வெள்ளையும் ஒன்றன் மேல் ஒன்றாக நேர்கோட்டில் நின்றால் அது உங்களை நோக்கி நேராக வருகிறது. 7 மீட்டருக்குக் குறைவான பாய்மரப் படகில் விளக்குப் பொருத்த முடியாவிட்டால் டார்ச்சாவது கையில் தயாராக இருக்க வேண்டும் என்பது விதி. அதைப் பாயின் மேல் அடித்துக் காட்டுங்கள், வெள்ளைத் துணி பெரிதாகத் தெரியும். மும்பைக் கரையின் விளக்குக் காட்டுக்கு முன்னால் தனி டார்ச்சை எவரும் கவனிக்க மாட்டார்கள்.

போனில் கப்பல் காட்டுகிற ஆப் இருக்கிறது, போதுமா?

எந்தக் கப்பல் வருகிறது, எவ்வளவு நீளம் என்று கரையில் உட்கார்ந்து பார்க்க நல்லது. தகவல் தாமதமாக வரலாம், நடுக்கடலில் சிக்னல் போகலாம். அதைவிட முக்கியம், உங்களிடம் ஏ.ஐ.எஸ் கருவி (படகு இருக்கிற இடத்தை ரேடியோவில் மற்றவர்களுக்கு அறிவிக்கும் கருவி) இல்லையென்றால் நீங்கள் அவர்களைப் பார்ப்பீர்கள், அவர்கள் உங்களைப் பார்க்க மாட்டார்கள். கையடக்க வி.எச்.எஃப் ரேடியோ (கப்பல்கள் பேசிக்கொள்ளும் ரேடியோ) வாங்கி, அவசர அழைப்புக்கான 16-ஆவது அலைவரிசையில் காது வைத்திருங்கள்.

நான் படகு ஓட்டவில்லை, ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களை எலிஃபெண்டா தீவுக்குக் கூட்டிப்போகிறேன். எனக்கு இதில் என்ன?

2024 டிசம்பர் 18-ஆம் தேதி எலிஃபெண்டா போய்க்கொண்டிருந்த நீல்கமல் என்ற பயணிகள் படகின் மேல், எஞ்சின் சோதனை ஓட்டத்தில் கட்டுப்பாடு இழந்த கடற்படையின் வேகப்படகு மோதியது. பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் பயணிகள் செய்த தப்பு எதுவும் இல்லை. உங்களால் செய்ய முடிந்தது ஒன்றுதான், ஏறியவுடன் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, வாரை இறுக்கிக் கட்டுவது. வியர்க்கிறது, போட்டோவில் நன்றாக இல்லை என்று அத்தை சொல்வார். சொல்லட்டும்.

கப்பலுக்கு முன்னால் படகு விட்டு மாட்டிக்கொண்டால் என்ன தண்டனை?

மனித உயிருக்கு ஆபத்து வரும்படி அசட்டையாகக் கலம் ஓட்டினால் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 282-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். துறைமுகத்தின் சொந்த விதிகள் தனி.

காற்று நின்றுவிட்டது, சேனலுக்கு நடுவில் இருக்கிறேன், கப்பல் வருகிறது. என்ன செய்ய?

எஞ்சின் இருந்தால் உடனே கிளப்புங்கள். இன்னும் சரியாகச் சொன்னால், சேனலுக்குள் நுழையும் முன்பே கிளப்பி ஓடவிட்டிருக்க வேண்டும். பத்து தடவை கயிறு இழுத்தும் கிளம்பாத எஞ்சினை எனக்குத் தெரியும், என்னுடையதுதான். இல்லையென்றால் துடுப்பு. துடுப்பு இல்லாமல் கிளம்பியிருந்தால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு முதலில் போய் இரண்டு வாங்கி வாருங்கள்.

கப்பலோடு போட்டி போட்டு முன்னால் போகப் பார்க்காதீர்கள், சேனலின் எந்த ஓரம் பக்கமோ அந்த ஓரத்துக்கு நேராகப் போங்கள். ஓரத்துக்கு வெளியே ஆழம் இல்லை, கப்பல் அங்கே வர முடியாது. உங்கள் படகுக்கு ஒரு மீட்டர் தண்ணீர் போதும், அந்த நேரத்தில் உங்களிடம் இருக்கிற ஒரே அனுகூலம் அதுதான். ஒருவர் துடுப்புப் போட, இன்னொருவர் ரேடியோவில் 16-இல் கப்பலைக் கூப்பிட்டு "பாய்மரப் படகு, உங்களுக்கு நேர் முன்னால், எஞ்சின் இல்லை" என்று இங்கிலீஷில் சொல்லட்டும். எல்லோரும் ஜாக்கெட்டில் இருக்க வேண்டும். கடலோரக் காவல்படை எண் 1554, இப்போதே போனில் சேமித்துவிடுங்கள்.

அப்போ கப்பலைப் பக்கத்தில் பார்க்கவே முடியாதா?

ஏன் முடியாது? பாவுச்சா தக்கா படகுத்துறையிலிருந்து மாண்ட்வா போகிற ரோ-ரோ ஃபெர்ரியில் (வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் பயணிகள் கப்பலில்) டிக்கெட் எடுங்கள். மேல்தளத்தில், போகும்போது இடதுபக்கம் நில்லுங்கள். எலிஃபெண்டா, அதற்கு அந்தப் பக்கம் நவசேவாவின் கிரேன்கள், சேனலில் வருகிற கப்பல் எல்லாம் தெரியும். மாலை நாலு மணிக்கு மேல் வெயிலும் முதுகுப் பக்கம் போய்விடும், போட்டோ நன்றாக விழும்.